பச்சிலை குடிக்கிறவர்கள் மாத்திரையை நிறுத்தலாமா?

ரத்தக் கொதிப்பு பணக்காரர்களுக்கு வருகிற நோய், வெயிலில் நின்று உடம்பை முறித்து வேலை செய்கிறவனுக்கு அது வராது என்ற நம்பிக்கை நம் தோட்டங்களில் வெகுகாலமாக இருந்து வருகிறது. அது எவ்வளவு தவறு என்று தெரிந்துகொள்ள எங்கும் போக வேண்டாம். ஒரு கையும் ஒரு காலும் விளங்காமல், வாய் கோணி, லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் எத்தனை தோட்டங்களில் இருக்கிறார்கள்! செம்பனைக் குலை வெட்டியவர்கள், பால்மரம் சீவியவர்கள், உரம் போட்டவர்கள். அவர்களைச் சாய்த்தது காத்துக் கருப்பு அல்ல, செய்வினையும் அல்ல. பெரும்பாலோரைச் சாய்த்தது ரத்தக் கொதிப்புதான்.

சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 10 பேருக்கு 3 பேர் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. தலைவலி இராது, மயக்கம் இராது. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஒருநாள் சாய்ந்துவிடுகிறார்கள்.

தெரியாதவர்களின் கதை இப்படி. தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? அதைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டியிருக்கிறது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு, வேரையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தைப்பூச நாளில் பத்துமலைக்குப் போகும் வழியெங்கும் கடைகள். விபூதி, பூமாலை, வளையல், பலகாரம் இவற்றுக்கு நடுவே வேர்ப் பொட்டலமும் சூரணமும் எண்ணெய்ப் புட்டியும் பரப்பி வைத்திருப்பார்கள். "இதை ஒரு மண்டலம் குடிங்க, இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிக் கடாசுங்க!" என்று கூவிக் கூவி விற்பவர்களும் உண்டு. மலையேறி முருகனைக் கும்பிட்டு மனம் குளிர்ந்து இறங்கி வருகிறவர், கையிலுள்ள காசைக் கொடுத்து அதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். முருகன் சந்நிதியில் வாங்கியது என்பதால் அதன் மேல் நம்பிக்கையும் இரட்டிப்பாகிவிடுகிறது.

இது பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. படித்தவர்களில் ஒரு சாரார், "பச்சிலையாவது மண்ணாவது, எல்லாம் மூடநம்பிக்கை" என்பார்கள். வியாபாரிகளோ, "மாத்திரை எல்லாம் ரசாயனம், விஷம், பச்சிலை இயற்கை, அது கெடுதல் செய்யாது" என்பார்கள். என் கருத்தில் இரண்டு பேச்சுமே தவறு. செடி கொடிகளில் ரத்தக் குழாயைத் தளர்த்தும் சத்துகள் மெய்யாகவே இருக்கின்றன. விஞ்ஞானிகளே அதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். மெய்யாகவே இருக்கிற காரணத்தால்தான், அளவு தெரியாமல் அதோடு விளையாடக் கூடாது என்கிறேன்.

ரத்தக் குழாய் எப்படி இறுகுகிறது?

செம்பனை நாற்றுப் பண்ணையில் ரப்பர்க் குழாய் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழாயின் வாயை விரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே அழுத்தம் ஏறும், தண்ணீர் சீறிக்கொண்டு பாயும். விரலை எடுத்தால் அழுத்தம் இறங்கும். நம் உடம்பில் இருக்கும் ரத்தக் குழாய் வெறும் குழாய் அல்ல. அதன் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் தசை இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். குழாய் கொஞ்சம் குறுகினாலே ஓட்டம் வெகுவாகக் குறைந்துபோகும். குழாயின் அகலம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடுகிற அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது கணக்கு. ஆகவே குறுகின குழாயில் ரத்தத்தைத் தள்ள இதயம் மாரடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தள்ளுதலின் வேகத்தைத்தான் டாக்டர் கையில் பட்டை கட்டி அளந்து, 140-க்கு 90 என்று எழுதுகிறார். கிளினிக்கில் அந்த அளவையோ அதற்கு மேலோ திரும்பத் திரும்பக் காட்டினால் அதற்குப் பெயர் ரத்தக் கொதிப்பு.

இந்தக் குழாயைத் தளர்த்துகிறது எது? 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் பர்ச்காட் என்பவர் முயலின் ரத்தக் குழாய்த் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையை எழுதினார். ஒரு குறிப்பிட்ட மருந்தைப் பட்டால் சில துண்டுகள் தளர்ந்தன, சில துண்டுகள் தளரவில்லை. காரணத்தைத் தேடிப் பார்த்தால், குழாயின் உட்புறத்திலுள்ள மெல்லிய தோல் உரசிப் போயிருந்த துண்டுகள்தாம் தளராதவை. ஆக, அந்த உள்தோலிலிருந்துதான் "தளர்ந்துகொள்" என்ற கட்டளை தசைக்குப் போகிறது என்று தெரிந்தது. பிற்பாடு அந்தக் கட்டளை நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒரு வாயு என்று கண்டுபிடிக்கப்பட்டது. இந்த ஆராய்ச்சிக்காக பர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, பெரிட் முராட் மூவருக்கும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மார்வலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் சின்ன மாத்திரை இருக்கிறதே, அதுவும் உடம்புக்குள் இந்த வாயுவாக மாறித்தான் குழாயை விரிக்கிறது.

இது புரிந்தால் பச்சிலை விஷயமும் புரிந்துவிடும். ஒரு செடியின் சாறு உள்தோலைத் தூண்டி இந்த வாயுவைச் சுரக்கச் செய்யலாம். அல்லது தசைக்குள் சுண்ணாம்புச் சத்து நுழைகிற வாசலை அடைத்து அதை இறுகவிடாமல் தடுக்கலாம். அல்லது "இறுகு" என்று நரம்பு போடும் உத்தரவையே குறைத்துவிடலாம். கிளினிக்கில் கொடுக்கிற அம்லோடிபின் மாத்திரை செய்வதும் இதில் இரண்டாவது வேலைதான். அந்த மாத்திரையும் செடியின் சாறும் போய்ச் சேருகிற இடம் ஒன்று. ஆனால் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது, பொட்டலத்தில் எழுதியில்லை.

சர்ப்பகந்தி சொல்லும் பாடம்

பச்சிலைக்கு இந்தச் சக்தி உண்டென்பதற்கு மிகப் பெரிய சாட்சி நம் முன்னோர்களின் நாட்டிலேயே இருக்கிறது. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை இந்தியாவில் நூற்றாண்டுகளாகப் பாம்புக்கடிக்கும் பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்து வந்தார்கள். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், அந்த வேர் ரத்தக் கொதிப்பையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு டில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்ற ரசாயன அறிஞர் அந்த வேரிலிருந்து சத்துகளைப் பிரித்தெடுத்தார். தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரையே ஒரு சத்துக்கு அஜ்மலின் என்று சூட்டினார். வெளியுலகம் அப்போது இதைக் கவனிக்கவில்லை.

1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தியைக் கொடுத்துப் பார்த்த விவரத்தை ஆங்கில இதய மருத்துவப் பத்திரிகையில் எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியின் ஆய்வாளர்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைத் தனியாகப் பிரித்து எடுத்தார்கள். அந்தக் காலத்தில் ரத்தக் கொதிப்புக்கு உருப்படியான மாத்திரைகள் மிகக் குறைவு. அந்த நிலையில் ஒரு பாட்டி வைத்தியத்து வேர் உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் மாத்திரையாக ஏறியது என்றால் அது நமக்குப் பெருமை இல்லையா?

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ரெசர்பின் நரம்பு முனைகளில் சேர்த்து வைத்திருக்கும் சத்தைக் காலி செய்துவிடுகிறது. அதனால் குழாயை இறுக்கும் உத்தரவு குறைந்து அழுத்தம் இறங்குகிறது. அதே சத்து மூளைக்கும் வேண்டியிருக்கிறது. அளவு மிஞ்சினால் மூக்கடைப்பு, ஓயாத சோர்வு, சிலருக்கு வாழ்க்கையே வெறுத்துப்போகும் அளவுக்கு மனச்சோர்வு வருவதை டாக்டர்கள் கண்டார்கள். அளவைக் குறைத்தார்கள். பிற்பாடு வேறு நல்ல மாத்திரைகள் வந்ததும் ரெசர்பினை எழுதிக் கொடுப்பதே அரிதாகிவிட்டது.

இதில் நாம் பார்க்க வேண்டியது என்ன? வேரில் சக்தி இருந்தது மெய், அதே வேரில் ஆபத்தும் இருந்தது. எத்தனை மில்லிகிராம் என்று அளந்து கொடுத்தபோதே இவ்வளவு தொல்லை என்றால், எந்த மண்ணில் விளைந்தது, இளசா முற்றலா, எத்தனை மாதம் மூட்டையில் கிடந்தது என்று ஒன்றும் தெரியாத பொட்டலத்தை ஒரு பிடி அள்ளிக் காய்ச்சிக் குடிப்பது எப்படிச் சரியாகும்?

நம் வீட்டுக் கொல்லையில்

தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இல்லாத வீடு உண்டா? முருங்கை இலையிலிருந்து நியசினின், நியசிமிசின் என்ற சத்துகளைக் கராச்சி ஆய்வாளர்கள் 1990-களில் பிரித்தெடுத்தார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது ரத்த அழுத்தம் இறங்கியது. அந்த ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவியவர், சர்ப்பகந்தியை ஆராய்ந்த அதே சித்திக்கிதான்.

மலாய்க்காரர்கள் மிசாய் கூச்சிங் என்றும் நாம் பூனை மீசை என்றும் சொல்கிற செடியை, அதன் பூவில் நீட்டிக்கொண்டிருக்கும் மீசையால் யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். அதை ஜப்பானிலும் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ந்திருக்கிறார்கள். எலியின் பெரிய ரத்தக் குழாயை மோதிரம்போல் வெட்டி, உப்பு நீரில் தொங்கவிட்டு, மருந்தால் இறுகச் செய்து, பிறகு செடியின் சத்தை ஊற்றிப் பார்ப்பார்கள். பூனை மீசைச் சத்துக்கு அந்த மோதிரம் தளர்ந்தது. சம்போங் ஞாவா என்ற செடியை மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்களும் ரத்தக் கொதிப்பு எலிகளுக்கு அழுத்தம் இறங்கியதாக எழுதியிருக்கிறார்கள். பத்துமலையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க கெப்போங்கில் இருக்கும் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்திலும் காட்டு மூலிகைகளை ஆராய்கிறார்கள். நம் மண்ணின் செடிகளை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களே ஆராய்வது நல்ல காரியம். நம் பிள்ளைகளில் சிலரும் அங்கே போய் ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. உப்பு நீரில் தொங்கும் எலிக் குழாய் வேறு, செம்பனைக் காட்டில் சுத்தும் நம் அண்ணன் வேறு. மோதிரத்தின் மேல் சத்து நேராகவே ஊற்றப்படுகிறது. நாம் குடிக்கும் கஷாயம் வயிற்றைக் கடந்து, குடலைக் கடந்து, ஈரலைக் கடந்து மிச்சமிருப்பதுதான் ரத்தக் குழாயைப் போய்ச் சேரும். எலிக்கு இறங்கியது மனிதனுக்கும் இறங்குமா, எவ்வளவு இறங்கும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதற்குத் தனியே மனிதர்களை வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து, மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று முடிவான பச்சிலை எதுவும் நம் கொல்லையில் இன்றுவரை இல்லை.

மனிதர்களிடமே பார்த்த ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். 2008-இல் லண்டனில் நோயில்லாத சிலருக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்து அளந்தார்கள். சுமார் மூன்று மணி நேரத்தில் மேல் அழுத்தம் ஏறக்குறைய 10 புள்ளி இறங்கியது. காரணம் பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட் என்ற உப்பு. அதை நம் நாக்கிலிருக்கும் கிருமிகள் மாற்றிக் கொடுக்க, உடம்பு அதை முன்பு சொன்ன நைட்ரிக் ஆக்சைடு வாயுவாக ஆக்கிக்கொள்கிறது. நாம் சாப்பிடும் தண்டுக்கீரை, பசலைக்கீரை முதலியவற்றிலும் இந்த உப்பு ஏராளம். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே தாய்மார்களே, கீரையைத் தினமும் சமையுங்கள், தண்ணீரைக் கொட்டாமல் சமையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

"பச்சிலைதானே, என்ன செஞ்சிடும்?"

இந்தக் கேள்விக்குக் கேரளத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. நம் ஊரில் பிலிம்பிங் பூலோ என்கிற, மரத்தடியிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் புளிச்சக்காயை எல்லாரும் அறிவோம். மீன் கறிக்குப் போடுவோம். ரத்தக் கொதிப்புக்கும் கொழுப்புக்கும் நல்லதென்று பிழிந்து குடிப்பவர்களும் உண்டு. கேரளத்தில் கொழுப்பு இறங்கும் என்று அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 10 பேரைப் பற்றி அங்குள்ள டாக்டர்கள் 2013-இல் எழுதினார்கள். அதில் 7 பேருக்கு மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. அந்தக் காயில் ஆக்சலிக் அமிலம் மிக அதிகம். கறியில் நாலு காய் போட்டால் உணவு. கிளாஸ் கிளாஸாகப் பிழிந்து குடித்தால் அது சிறுநீரகத்தில் போய்ப் படிந்து அடைத்துவிடுகிறது. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே நம் மக்களின் சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருக்கும்போது, நாமே போய் அதில் கல்லைப் போடலாமா?

பூனை மீசையிலும் பொட்டாசியம் உப்பு அதிகம். ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும். இரண்டும் சேர்ந்தால், சிறுநீரகம் பழுதானவருக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம். இது டாக்டருக்குத் தெரிய வேண்டும். நாமோ, "ஏசுவாங்க" என்று பயந்து கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் சொல்வதே இல்லை.

இவையாவது பச்சிலையின் குணம். பச்சிலை என்ற பெயரில் பச்சிலையே இல்லாததை விற்கிற அக்கிரமத்தை என்ன சொல்வது? பதிவு செய்யாத மூட்டுவலிச் சூரணங்களிலும் மாத்திரைகளிலும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டிராய்டு மருந்து ரகசியமாகக் கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டதும் வலி பறந்துவிடும், "ஆகா, என்ன வேர்!" என்போம். அதே ஸ்டிராய்டு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். ஆண்மைக்கென்று விற்கும் காப்பித் தூள்களில் சில்டெனாபில் என்ற மருந்தைக் கலந்து பிடிபட்டதும் உண்டு. அந்த மருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவின் வேலையைப் பல மடங்காக்கும். மார்வலிக்கு நாக்கடியில் மாத்திரை வைத்துக்கொள்கிறவர் அந்தக் காப்பியைக் குடித்தால், ரத்தக் குழாய்கள் அளவுக்கு மிஞ்சி விரிந்து, அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். ரத்தக் குழாய் இறுகுவது மட்டுமல்ல, எல்லை மீறித் தளர்வதும் ஆபத்துதான்.

தாத்தா காலத்தில் மாத்திரை ஏது?

"எங்க தாத்தா எந்த மாத்திரையும் சாப்பிடல, தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தார்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. தாத்தா இருந்தார், சரி. அவரோடு கப்பலேறி வந்து நாற்பதிலும் ஐம்பதிலும் சாய்ந்தவர்களை யார் எண்ணி வைத்தார்கள்? அன்று பட்டை கட்டி அளந்தவர் யார்? திடீரென்று விழுந்தவரை "காத்து அடிச்சிருச்சு" என்றார்கள், புதைத்தார்கள், மறுநாள் பெரட்டுக்குப் போனார்கள்.

நம் மக்கள் வேரை நாடிப் போவதற்கு அறியாமை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம், மாத்திரையும் அதற்குள் அடக்கம். ஆனால் அந்த ஒரு வெள்ளிக் கிளினிக்குக்குப் போக மோட்டார் சைக்கிள் எண்ணெய் வேண்டும், காலையிலிருந்து வரிசையில் உட்கார வேண்டும், ஒருநாள் சம்பளம் போகும். குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு ஒருநாள் என்பது சின்ன விஷயமா? ஒரு காலத்தில் பெரிய தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது, டிரெசர் இருந்தார். நல்லதோ கெட்டதோ, கூப்பிடும் தூரத்தில் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புகளாக மாறியபோது அந்த ஆஸ்பத்திரிகளும் போயின. டிரெசர் இருந்த இடத்தில் இன்று பொட்டலக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் தொழிலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது. ரத்தக் கொதிப்புக்காரர் கிளினிக்குக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் விடவேண்டும். தோட்டத் தொழிலாளர் சங்கம் அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும். தோட்டத்துக்கு ஓர் அழுத்தமானிக் கருவி வாங்கி ஆபீசில் வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? ஆயாக் கொட்டகை அம்மாவுக்கோ படித்த பிள்ளைகளில் ஒருவருக்கோ அரை நாளில் அதைக் கற்றுக் கொடுத்துவிடலாம். மாதம் ஒருமுறை பெரட்டுக்களத்திலேயே அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்.

விரதம் மாத்திரைக்கு அல்ல

பத்துமலை பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1890-களிலிருந்து நம் முன்னோர்கள் அந்தக் குகைக்குக் காவடி எடுத்து வருகிறார்கள். ரயிலேறியும் லாரியேறியும் தோட்டம் தோட்டமாக வந்தார்கள். இன்றும் வருகிறோம், வருவோம். ஆனால் விரதம் தொடங்கியதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வாரக்கணக்கில் மாத்திரை இல்லை, அன்று காலையிலிருந்து தண்ணீர் இல்லை, வெயில், கூட்டம், தோளில் பாரம், அதோடு 272 படி! சில வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பிருந்ததைவிட மேலே ஏறும். முருகனுக்கு வேண்டியது நம் பக்தி, நம் உயிர் அல்ல. விரதம் இருக்கிறவர்கள் எந்த நேரத்தில் மாத்திரை சாப்பிடலாம் என்று முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொண்டால் சொல்லிவிடுவார். காவடி எடுப்பதற்கு முன் ஒருமுறை அளந்துகொள்வதும் நல்லது.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைகளுக்கு இடம் கொடுக்கும்போது, மருந்து என்று சொல்லி எது விற்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். பதிவெண் இல்லாத மருந்துக்குக் கோயில் திருவிழாவில் இடமில்லை என்று ஒரு விதி வைத்தால், அது கோயில் மக்களுக்குச் செய்யும் பெரிய அன்னதானம்.

ஆக, வீட்டில் நாம் செய்ய வேண்டியவை இவைதாம்:

முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, வல்லாரை, பூண்டு எல்லாவற்றையும் சோற்றோடு சாப்பிடுங்கள். உணவாகச் சாப்பிடும் அளவில் நன்மையே. மருந்தாகக் கிளாஸ் கணக்கில் குடிக்காதீர்கள்.

கருவாடு, ஊறுகாய், கிச்சாப், மேகி மீ இவற்றின் உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புதான். உப்பையும் சம்சுவையும் விடாமல் வேரைக் குடிப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றும் கதை.

கட்டாயம் ஏதோ ஒரு மூலிகை குடித்தே தீருவேன் என்றால், அந்தப் புட்டியை அல்லது பொட்டலத்தைக் கையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். ஏசினால் ஏசட்டும். கடையில் வாங்கும்போது எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்தும், எட்டு இலக்கமும், பாரம்பரிய மருந்து என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் டி எழுத்தும், மினுங்கும் ஒட்டுத்தாளும் இருக்கிறதா என்று படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் சரியாகிவிட்டால், "சரியாப் போச்சு" என்று நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் சரியாக இருக்கிறது. காலில் வீக்கம், வறட்டு இருமல் என்று மாத்திரை ஒத்துவராவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை இருக்கிறது.

திடீரென்று ஒரு பக்க வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். எந்த நேரமானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் போனால் கையும் காலும் மீளக்கூடிய வாய்ப்பு உண்டு.

சர்ப்பகந்தியை உலகத்துக்குக் கொடுத்தது நம் மண். அந்த வேரின் சக்தியைத் தெரிந்து வைத்திருந்த அறிவு நம்முடையது. அதே வேரை அளந்து, பிரித்து, ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்து, நல்லது இது, கெட்டது இது என்று எழுதி வைத்த அறிவும் நம்மவர்களுடையதே. முதல் அறிவை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை உதறினால் நஷ்டம் நமக்குத்தான். இந்த வாரச் சம்பளத்துக்கு டவுனுக்குப் போகிறவர்கள், பாசார் மாலத்தில் நுழையும் முன்பு, கிளினிக்கிலோ மருந்துக் கடையிலோ ஒருமுறை கையை நீட்டி அளந்துகொண்டு வாருங்கள். வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.